தீர்த்தக் கலப்பு

ஒரு தவளைக்காக ஊரையே காலி பண்ணச் சொல்வார்களா என்று கேட்டால், சொல்வார்கள். தும்பிமலை எஸ்டேட்டில் சொல்லிவிட்டார்கள். சொன்னது ஆளும் இல்லை, அதிகாரியும் இல்லை. சில்லோடையின் நடுவே பாறையில் பொருத்தியிருந்த ஒரு சாம்பல் நிறப் பெட்டி.

அதற்கு அரசாங்கம் வைத்த பெயர் வாயில் நுழையாது. எஸ்டேட் ஜனங்கள் மூக்கு என்றார்கள். இரவு பகலாக ஓடைத் தண்ணீரை முகர்ந்துகொண்டே இருப்பதுதான் அதன் வேலை. மீனோ நண்டோ தவளையோ, தண்ணீரில் வாழும் எதுவானாலும் அதன் தோலும் எச்சமும் வழவழப்பும் கொஞ்சங்கொஞ்சமாக உதிர்ந்து தண்ணீரோடு வரும். அந்த உதிரியை வைத்தே மேலே என்னென்ன உயிர் இருக்கிறது என்று மூக்கு சொல்லிவிடும். அழிந்துபோனது என்று எழுதி மூடிவிட்ட உயிர் ஏதாவது அதில் அகப்பட்டதோ, போச்சு. இரண்டு கரையிலும் ஐம்பது மீட்டருக்குக் காடு மட்டும்தான் இருக்கலாம். வீடு, கடை, கோயில் எல்லாம் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

இதற்கு யாரும் கையெழுத்துப் போட வேண்டாம், யாரையும் கெஞ்சவும் முடியாது. ஒரு காலத்தில் கையெழுத்துப் போடுகிறவர்களை விலைக்கு வாங்கி வாங்கித்தான் இந்த மலையில் பாதி ஓடைகளைக் குழாய்க்குள் அடைத்துவிட்டார்கள். அதனால் சட்டத்தை மனிதன் கையிலிருந்து பிடுங்கி மூக்கிடம் கொடுத்தார்கள். அது தப்பா? தப்பென்று வடிவு ஒருநாளும் நினைத்ததில்லை, தன் வீட்டுக் கதவில் நோட்டீஸ் ஒட்டுகிறவரை.

செண்பகவடிவுதான் சில்லோடையின் காவலர். மூக்கின் சல்லடையைக் கழுவுவது, அது சொல்வதை மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்புவது, தண்ணீரில் யாரும் சோப்பு நுரை விடாமல் பார்த்துக்கொள்வது. அந்த வேலை அவளுக்குச் சும்மா வந்துவிடவில்லை. முன்பெல்லாம் தேயிலைச் செடி தண்ணீர் விளிம்புவரை நிற்கும். கரையில் ஒரு மரம் கிடையாது. மழை வந்தால் ஓடை செக்கச்செவேலென்று மண்ணைக் கரைத்துக்கொண்டு ஓடும். அப்படி ஒரு மழையில் மேல் வளைவில் கரை சரிந்து, தொழிலாளர்கள் குடியிருக்கும் லைனின் கடைசி வீடுகளை வாரிக்கொண்டு போனது. வடிவின் அக்கா குடும்பம் அதில் போய்விட்டது. அதற்கப்புறம்தான் வடிவு லைன் பெண்களைக் கூட்டிக்கொண்டு கரையில் நாவலும் நீர்வஞ்சியும் மூங்கிலும் நட்டாள். மேனேஜர் திட்டினார். சிலர் பிடுங்கி எறிந்தார்கள். பிடுங்கிய இடத்தில் மறுபடி நட்டாள். இப்போது மேல் வளைவிலிருந்து கோயில்வரை அது காடாகிவிட்டது, எந்த மழைக்கும் கரை அசையவில்லை.

ஆனால் ஒரு கூத்தைப் பாருங்கள். காவலர் ஆனதிலிருந்து அந்தக் காட்டுக்குள் அவள் கால் வைக்கவே இல்லை. மூக்குக்கு மேலே காவலர் தண்ணீரில் இறங்கக் கூடாது, அவள் காலில் ஒட்டியது கலந்து கணக்கு கெட்டுவிடும் என்று விதி. விறகு பொறுக்க லைன் பெண்கள் உள்ளே போய் வருவது அவளுக்குத் தெரியும். அதைப் பார்க்காத மாதிரி இருந்துவிடுவாள்.

நோட்டீசில் இருந்த பெயர் நீலத்தொடைத் தவளை. ஒரு தலைமுறையாக யாரும் பார்க்காத தவளை. மழைக்காலம் முடிவதற்குள் எல்லாரும் கீழே சமவெளியில் அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போய்விட வேண்டும். அதோடு லைன் முழுக்க வடிவைப் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது. நேற்றுவரை "வடிவக்கா" என்று கூப்பிட்ட பெண்கள் குழாயடியில் அவள் வந்ததும் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"அழுது என்ன ஆகப் போவுது?" என்றான் அவள் கணவன் நாயகம். தேயிலை ஃபேக்டரியில் உலர்த்தும் பிரிவில் வேலை, அம்மன் கோயில் கமிட்டியில் தலைவர். எதையும் நிதானமாகப் பேசுகிற ஆள். "யோசிச்சுப் பாரு. திருவிழா என்னிக்கு முடிஞ்சுது?"

"போன வெள்ளி."

"மூக்கு என்னிக்குத் தவளைன்னு கத்துச்சு?"

"ஞாயித்துக்கிழம. மழை பேஞ்ச மறுநாளு."

"சரி. திருவிழாவுக்கு நெடுஞ்சுனைலேர்ந்து தீர்த்தம் கொண்டாந்தோம். நாப்பது குடம் அம்மனுக்கு ஊத்துனோம். ஊத்துன தண்ணி எங்க போச்சு?"

வடிவு எழுந்து நின்றுவிட்டாள். கோயில் சாக்கடை சில்லோடையில்தான் விழுகிறது. அதுவும் மூக்குக்கு மேலே.

"அய்யோ, ஆமாங்க! தவளை நெடுஞ்சுனைல இருக்கு. அதோட வாசம் நம்ம தீர்த்தத்துல வந்திருக்கு!"

"நான் அப்படித்தான் நெனைக்கேன்" என்றான் நாயகம், அவள் முகத்தைப் பார்க்காமல் செருப்பைத் தேடிக்கொண்டு.

சட்டத்தில் மனித வாய்க்கென்று ஒரே ஒரு இடம் விட்டு வைத்திருந்தார்கள். வேறு இடத்துத் தண்ணீர் கலந்து மூக்கு ஏமாந்துவிட்டது என்று காவலர் நினைத்தால், கலப்பு என்று அறிவிக்கலாம். எந்த இடம் என்று சொல்லி, அந்த இடத்துத் தண்ணீரைச் சாட்சியாக வைக்க வேண்டும். அவ்வளவுதான். அதற்குக் கெடு இன்று சாயங்காலம் முடிகிறது. இது ஏன் முதலிலேயே நமக்குத் தோன்றவில்லை என்று வடிவுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. கைமூக்கையும் ஒரு பாட்டிலையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். கையில் பிடிக்கிற அளவுக்கு இருக்கும் சின்ன மூக்கைத்தான் அப்படிச் சொல்வார்கள். வாசலில் நின்ற பெண்களில் ஒருத்தி, "பாத்துப் போயிட்டு வாக்கா" என்றாள். அந்த ஒரு 'அக்கா'வில் வடிவுக்குக் கண் கலங்கிவிட்டது.

நெடுஞ்சுனை மலையின் மறுபக்கம். மொட்டைப் பாறையின் இடுக்கில் ஊறி, ஒரு தொட்டி அளவுக்குத் தேங்கி, வழிந்து ஓடும். அதை ஒட்டிப் பத்துப் பன்னிரண்டு வீடு. தகரமும் மூங்கிலும் வைத்துக் கட்டியவை. அந்த ஜனங்கள் வேறொரு ஓடைக்கரையில் இருந்தவர்கள்தான். அங்கே மூக்கு எதையோ முகர்ந்துவிட்டதென்று கிளப்பிவிட்டார்கள். சமவெளிக்குப் போய், அங்கே பிழைக்கத் தெரியாமல் மலைக்கே திரும்பி வந்து, மூக்கு வைக்காத இடமாகப் பார்த்துக் குடியேறினார்கள். வருஷா வருஷம் தீர்த்தக்குடம் எடுக்க வருகிறவர்களுக்கு அவர்கள்தான் வழி விட்டு, வெல்லம் போட்ட கஞ்சி கொடுப்பார்கள்.

ராக்காயி வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அந்தக் குடியிருப்புக்கு அவள் பேச்சுதான் பேச்சு.

"வா தாயி. திருவிழா முடிஞ்சும் வந்திருக்க? தீர்த்தம் பத்தலியா?"

"ஒரு பாட்டில் மட்டும் வேணும்க்கா."

"இதுக்கென்ன கேள்வி? சாமி தண்ணி, எடுத்துக்க."

வடிவு பாட்டிலை நிரப்பிக் கைமூக்கை உள்ளே விட்டாள். பச்சை விளக்கு எரிய வேண்டுமே என்று வேண்டாத சாமி இல்லை. எரிந்தது. நீலத்தொடைத் தவளை என்று எழுத்தும் வந்தது. அவள் அப்படியே பாறையில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாளா அழுதாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

"என்ன தாயி, ஏன் இப்படி?"

"ஒண்ணுமில்லக்கா. எங்க வீடு தப்பிச்சுது. இந்தச் சுனைல ஒரு தவளை இருக்குக்கா. தாவும்போது தொடைல நீலமா தெரியும். நீங்க பாத்திருப்பீங்க."

ராக்காயி கீரைத்தண்டை முறித்துப் போட்டாள். "நீலமாவா? இங்க ஏது தவளை? பாறை சுடுது, மரம் இல்ல, ஒரு எலை விழுந்து மக்குறதுக்கு வழி இல்ல. மழைக்கு ரெண்டு சொறித்தவளை கத்தும். அதோட சரி."

"இல்லக்கா, தண்ணில இருக்குன்னு மெஷின் சொல்லுதே."

"தண்ணில இருந்தா அது உங்க தண்ணியா இருக்கும்."

"எங்க தண்ணியா?"

"ஏன், உங்க வீட்டுக்காரரு சொன்னதில்லையா? சுனைக்கு வெறுங்குடத்தோட வரக் கூடாதுல்ல. உங்க ஓடைல மொண்டாந்து முதல்ல இங்க ஊத்திட்டுத்தான் இங்கேர்ந்து மொள்ளுவாங்க. தண்ணிக்குத் தண்ணி. நாப்பது குடமும் ஊத்திட்டுத்தானே போனாங்க."

திருவிழாவில் குடம் எடுப்பது ஆண்கள். பெண்கள் கோயிலில் பொங்கல் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். குடம் நிறைந்து வருவதைத்தான் வடிவு பார்த்திருக்கிறாள், நிறைந்து போவதைப் பார்த்ததில்லை.

"எங்க ஓடைல எந்த இடத்துல மொள்ளுவாங்கக்கா?"

"அது எனக்கென்ன தெரியும்? சாமிக்குன்னா சுத்தமான இடமா பாத்து, மேலாலதான் மொண்டிருப்பாங்க."

கஞ்சி குடித்துவிட்டுப் போகச் சொன்னாள் ராக்காயி. வடிவு நேரமாகிவிட்டது என்று நடையைக் கட்டினாள். மனதுக்குள் இரண்டு பேர் சண்டை போட்டார்கள். தவளை இங்கேயும் இருக்கலாம், ராக்காயி பார்க்காமல் இருந்திருக்கலாம் என்றது ஒன்று. பாறையில் எப்படி இருக்கும் என்றது இன்னொன்று. மேட்டில் சிக்னல் கிடைத்ததும் மாவட்ட அலுவலகத்துக்குப் போன் போட்டாள். ஹேமலதா மேடம் எடுத்தார். நல்ல மனுஷி, வடிவுக்காக நேற்றே வருத்தப்பட்டவர்.

"வடிவு! சாட்சித் தண்ணி கிடைச்சிடுச்சா? அப்பாடா. உடனே அனுப்பிடுங்க. ராத்திரிக்குள்ள நோட்டீஸ் தானா ரத்தாயிடும்."

"மேடம், அப்ப அந்தத் தவளை?"

"அது எங்கேர்ந்து வந்துச்சுன்னு நீங்க சொல்றீங்களோ, அந்த இடத்துக்குப் பாதுகாப்பு மாறிடும். அதுக்குத்தானே இடம் கேக்கறாங்க."

வடிவு அப்படியே நின்றுவிட்டாள். "நெடுஞ்சுனைல மூக்கே கிடையாதே மேடம்."

"வச்சிடுவாங்க. மறுநாளே."

"அங்கயும் ஆளுங்க குடியிருக்காங்க."

"அம்பது மீட்டருக்குள்ளயா?"

"சுனைய ஒட்டியேதான்."

"லைன் வீடுங்களுக்கு இருக்கற மாதிரி அவங்களுக்கு ஏதாவது ஆவணம் இருக்கா? இல்லைன்னா அடுக்குமாடியும் கிடைக்காது வடிவு. அது... நீங்க அதையெல்லாம் யோசிக்காதீங்க. நிஜமாவே தவளை அங்க இருந்தா, காவலரா நீங்க சொல்லித்தானே ஆகணும்? உண்மையைச் சொல்றீங்க. அதுல உங்க தப்பு என்ன இருக்கு?"

உண்மையாக இருந்தால் தப்பில்லைதான். அந்த 'இருந்தால்' வழி முழுக்க அவள் காலைச் சுற்றிக்கொண்டே வந்தது. இந்த மலையில் இத்தனை பேர் ஒரு தவளைக்காக அடித்துக்கொள்கிறோமே, யாராவது ஒருத்தர் அந்தத் தவளையைப் போய்ப் பார்த்தோமா? மூக்கு சொன்னது, நம்பினோம். மூக்கு ஏமாந்தது என்றார்கள், அதையும் நம்பினோம்.

லைனுக்குப் போகிற பாதையில் போகாமல், வடிவு தேயிலைக்குள் புகுந்து மேல் வளைவுக்கு இறங்கினாள். விதிப்படி அவள் வேலையே போகலாம். போனால் போகட்டும்.

உள்ளே போனதும் அவளுக்கு இடமே அடையாளம் தெரியவில்லை. அவள் நட்டபோது முழங்கால் உயரம் இருந்த நாவல் இப்போது கட்டிப் பிடிக்க முடியாத பருமன். வெளியே வெயில் இருந்தும் உள்ளே ஈரம் சில்லென்று இருந்தது. மக்கிய இலை மெத்தை மாதிரி அமுங்கியது. வேர்களுக்கு நடுவே தண்ணீர் கண்ணாடியாக ஓடியது. ஒரு காலத்தில் இதே இடத்தில் மண்ணைத் தோண்டித்தான் அக்காவைத் தேடினார்கள். வடிவு குனிந்து, ஒவ்வொரு கல்லாக, ஒவ்வொரு வேர் இடுக்காகப் பார்த்தாள். அட்டைகள் காலில் ஏறின. அவற்றைத் தட்டிவிடக்கூடத் தோன்றவில்லை. இருக்கக் கூடாது, இருக்கக் கூடாது என்று வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. அந்தக் காட்டை வளர்த்தவளே அதில் உயிர் இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டு தேடினாள். என்ன கொடுமை சொல்லுங்கள்.

ஒரு நாவல் வேருக்கு அடியில் இலையோடு இலையாக உட்கார்ந்திருந்தது. பழுப்பு நிறம், கட்டைவிரல் பருமன், பார்த்தால் ஒன்றுமே விசேஷமில்லை. வடிவு கையை நீட்டினாள். தாவியது. தாவும்போது தொடையின் உள்பக்கம் பளீரென்று நீலம் தெரிந்தது. பக்கத்திலேயே இன்னொன்று. அப்புறம் தண்ணீருக்கு மேலே சாய்ந்த ஒரு இலையின் அடியில், கோலப்பொடி சிந்தியது போல முட்டைகள்.

அவள் சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். "நீ ஏன் வந்த?" என்று அதைக் கேட்டாள். "வேற எடமே கெடைக்கலியா உனக்கு?" கேட்கும்போதே பதிலும் தெரிந்தது. வேறு இடம் இல்லை. இந்த மலையில் வேறு எங்கே ஓடைக்கரையில் இப்படி மரம் இருக்கிறது?

வீட்டுக்கு வந்தபோது வெயில் இறங்கியிருந்தது. லைன் ஆட்கள் எல்லாரும் கோயில் முன்னால் கூடி நின்றார்கள். வடிவு பின்வழியாக வீட்டுக்குள் வந்தாள். நாயகம் மேஜைமேல் அனுப்பும் கருவியைத் தயாராகத் திறந்து வைத்திருந்தான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தான். முழங்கால்வரை கறுப்புச் சேறு, அட்டை கடித்த இடங்களில் ரத்தம். நெடுஞ்சுனையில் சேறும் இல்லை, அட்டையும் இல்லை என்பது அவனுக்குத் தெரியாதா?

"மேல் வளைவுக்குப் போனியா?"

அந்தக் கேள்வியிலேயே அவளுக்கு எல்லாம் தெரிந்துபோனது.

"உங்களுக்குத் தெரியும்."

நாயகம் நாற்காலியில் உட்கார்ந்தான். "போன மழைக்காலத்துலேர்ந்தே தெரியும். விறகுக்குப் போன பொம்பளைங்கதான் பாத்தாங்க. நீலமா தவ்வுதுன்னு வந்து சொன்னாங்க. அப்ப ஒண்ணு ரெண்டுதான், மூக்குக்கு எட்டல. லைன்ல எல்லாருக்கும் தெரியும். உன்கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு சொன்னது நான்தான்."

"ஏன்?"

"உனக்குத் தெரிஞ்சா நீ அன்னிக்கே எழுதி அனுப்பிருப்ப. உன்னைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

"அப்ப தீர்த்தம்னு சொன்னது?"

"நீ நம்புறதுக்கு ஒண்ணு வேணும்ல வடிவு. பொய்யின்னு தெரிஞ்சு நீ அனுப்ப மாட்ட. அதான்." அவன் பக்கத்துச் சுவரில் கையை வைத்தான். "இந்த வீட்ல பொறந்தவன் நான். அடுக்குமாடில போய் நான் என்ன பண்ணுவேன், சொல்லு."

"ராக்காயி அக்கா வீடெல்லாம் போயிரும். அவங்களுக்கு அடுக்குமாடியும் கெடையாது. தெரியுமா?"

"சத்தியமா தெரியாது."

"தெரிஞ்சிருந்தா?"

"தெரிஞ்சிருந்தாலும் சொல்லிருப்பேன்" என்றான். பிறகு ஆத்திரம் தாங்காமல் மேஜையைக் குத்தினான். "நீ பாக்காத வரைக்கும் அது பொய்யில்ல! தண்ணி இருக்கு, சாட்சி இருக்கு, மெஷினே ஒத்துக்கும். யாரு உன்னைப் போய்ப் பாக்கச் சொன்னா?"

வடிவு பாட்டிலை மேஜைமேல் வைத்தாள். கருவியில் இரண்டு கட்டங்கள் இருந்தன. கலப்பு உண்டு. கலப்பு இல்லை. இந்தச் சுவரை அவளே போன வருஷம்தான் வெள்ளையடித்தாள். கோயில் பக்கம் யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது. நாளைக் காலையில் இவர்கள் முகத்தில் எப்படி முழிப்பது? ராக்காயி முகத்தில்தான் எப்படி முழிப்பது? ஒன்றும் புரியவில்லை. ஒன்று மட்டும் புரிந்தது. இனிமேல் பார்க்காதவளாக ஆக முடியாது.

கலப்பு இல்லை என்பதை அழுத்தினாள்.

பதில் உடனே வந்தது. மனிதர் யாரும் எழுதாத பதில். வடிவின் கண்ணில் எழுத்து கலங்கியதால் நாயகம்தான் வாசித்தான்.

"காவலர் செண்பகவடிவுக்குப் பாராட்டு. உங்கள் உறுதிமொழியால் நீலத்தொடைத் தவளையின் வாழிடம் நிரந்தரமாகக் காக்கப்படுகிறது. குடியிருப்பு அகற்றப்பட்டு வேலி போட்ட பிறகு, சில்லோடைக் கரைக்குள் வர அனுமதி உள்ள ஒரே நபர்: காவலர்."

வாசித்து முடித்துவிட்டு அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். "அப்ப நீ மட்டும் தெனமும் வரலாம்" என்றான்.

வடிவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. வெளியே யாரோ, "என்னக்கா, அனுப்பிட்டியா?" என்று குரல் கொடுத்தார்கள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். சொல்லித்தானே ஆக வேண்டும்.

"இரு" என்றான் நாயகம். "தனியா போகாத, அடிச்சிருவாங்க. நானும் வர்றேன்."

சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, அவளுக்கு முன்னால் நடந்தான்.